வான்குடையில் இறங்கிய மருத்துவர்

நான் வாழும் ஊர் வானகரம். சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது. ஊரின் பெயரைச் சொல்லும்போதே வானம் என்னும் சொல் செவியில் விழுகின்றது. மாலை வேளையில் மொட்டைமாடியில் நின்றால், விமானங்கள் பறந்து செல்வதைக் காணலாம். அவற்றுக்குக் கையசைத்து மகிழும் சிறுவர்களுள் ஒருவன், அண்டை வீட்டுப் பையன், சில நாட்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். ஏதோ ஒரு போர்ப் படத்தில் அமெரிக்க வீரர்கள் விமானத்திலிருந்து கூட்டங்கூட்டமாகக் குதிப்பதைப் பார்த்திருக்கின்றான். "நம்ம பக்கத்து ஆளுங்க யாராவது இப்படிக் குதிச்சிருக்காங்களா, தாத்தா?" என்றான்.

குதித்ததுண்டு, நேயர்களே. அதுவும் அந்த அமெரிக்க வீரர்களோடு சேர்ந்தே குதித்ததுண்டு. அவ்வாறு குதித்தவர் ஒரு மருத்துவர். எங்கள் ஊர் வழியாக மேற்கே ஓடும் சாலை திருப்பெரும்புதூரைக் கடந்து, வாலாஜாப்பேட்டை, ஆற்காட்டுப் பகுதியை அடைகின்றது. அதே சாலையில் கிழக்கே சென்றால் சென்னை மருத்துவக் கல்லூரியின் வாயிலுக்கு வந்து சேரலாம். ஆற்காட்டைச் சேர்ந்தவர், அக்கல்லூரியில் பயின்றவர், டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜ். இந்தியர்களுள் முதன்முதலில் படைவீரராக வான்குடை கொண்டு குதித்த இருவரில் ஒருவர் அவரே. அவருடைய கதையைச் சொல்வதானால், வான்குடைப் படையின் கதையையும் சற்றே சொல்லியாக வேண்டும்.

வானத்திலிருந்து படையை இறக்கலாம் என்னும் எண்ணம் பழையது. 1783-இல் பிரான்சில் மனிதர்கள் முதன்முதலாகப் பலூனில் ஏறிப் பறந்தார்கள். அதைக் கண்டிருந்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், மறு ஆண்டே, மேகங்களிலிருந்து பல்லாயிரம் வீரர்கள் இறங்கினால் எந்த மன்னனால் தன் நாட்டைக் காக்க இயலும் என்று சிந்தித்தார். அச்சிந்தனை செயலாவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1930-களில் சோவியத் நாடு பெருந்திரளான வீரர்களை இறக்கிப் பயிற்சி நடத்திக் காட்டியது. 1940-இல் ஜெர்மனி அம்முறையைப் போரிலேயே கையாண்டது. 1941 மே மாதத்தில் கிரீட் தீவை வான்வழியாகவே கைப்பற்றியது. ஆனால் அங்கே அது இழந்த வீரர்களின் தொகை மிகப் பெரிது. அதன் பிறகு ஜெர்மனி அத்தகைய பெரும் முயற்சியில் இறங்கவில்லை. வியப்பு யாதெனில், வென்றவர் அஞ்சிய அதே நிகழ்ச்சியைக் கண்டு, தோற்றவர்கள் ஊக்கங் கொண்டார்கள்.

அமெரிக்காவில் இதற்கான தொடக்கம் மிகச் சிறியதாகவே இருந்தது. 1940-இல், ஜார்ஜியா மாநிலத்துப் பென்னிங் கோட்டையில், ஐம்பது பேர் கொண்ட ஒரு சோதனை அணி திரட்டப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் லெப்டினன்ட் வில்லியம் ரைடர் தலைமையில் அவர்கள் முதற்குதிப்பை நிகழ்த்தினர். அவர்களுள் எபர்ஹார்ட் என்னும் வீரர், தாம் அஞ்சவில்லை என்பதைக் காட்டக் குதிக்கும்போது "ஜெரோனிமோ" என்று கூவினார் என்பது அப்படையினர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஜெரோனிமோ என்பவர் யார்? அமெரிக்கப் படையை எதிர்த்து நெடுங்காலம் போரிட்ட அப்பாச்சி இனத்துத் தலைவர். பகைவன் ஒருவனின் பெயரையே தன் வீரத்தின் முழக்கமாக ஒரு படை ஏற்றுக்கொண்டது.

நான்கே ஆண்டுகளில் அந்த ஐம்பது பேர் பல்லாயிரமாகப் பெருகினர். 1944 ஜூன் 6-ஆம் நாள் விடியுமுன், ஏறத்தாழ 13,000 அமெரிக்க வீரர்கள் நார்மண்டியின் இருளில் குதித்தார்கள். மேகமும் பீரங்கிக் குண்டுகளும் விமானங்களைத் திசை கெடுத்தமையால், பலர் குறித்த இடத்துக்கு வெகு தொலைவில் விழுந்தனர். அங்கோவில் என்னும் சிற்றூரில் ஒரு பழைய மாதா கோயில் உண்டு. ராபர்ட் ரைட், கென்னத் மூர் என்னும் இரு இளம் மருத்துவ உதவியாளர்கள், தாமும் வான்குடையில் இறங்கியவர்களே, அக்கோயிலைச் சிகிச்சை நிலையமாக்கினர். ஊர் இரு தரப்பாரிடமும் மாறி மாறிச் சிக்கியது. ஆயுதத்தை வாயிலிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது ஒன்றே அவர்கள் வைத்த விதி. அமெரிக்கரும் ஜெர்மானியரும் அருகருகே கிடத்தப்பட்டனர். ஏறத்தாழ எண்பது பேர் அங்கே காக்கப்பட்டனர். அங்கே குருதி படிந்த மர இருக்கைகளில் இன்றும் அந்தக் கறை உள்ளது. வான்குடைப் படையின் மரபில் துப்பாக்கிக்கு உள்ள இடம் மருந்துப் பைக்கும் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

குதித்தல் என்றால் என்ன என்பதையும் இங்கே விளக்கிவிடுகின்றேன். விமானத்தின் உள்ளே நெடுகிலும் ஓர் எஃகுக் கம்பி கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு வீரனும் தன் வான்குடையோடு இணைந்த நாடாவின் கொக்கியை அக்கம்பியில் மாட்டிக்கொள்வான். சிவப்பு விளக்கு எரிந்தால் எழுந்து நிற்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் ஒருவர்பின் ஒருவராக வெளியேற வேண்டும். வீரன் விழும் வேகத்தில் அந்த நாடாவே குடையை உறையிலிருந்து இழுத்து விரித்துவிடும். அவன் தானாக எதையும் இழுக்க வேண்டுவதில்லை. குடை விரிந்த பின்னரும் தரையில் படும் வேகம் குறைந்ததன்று. பத்துப் பன்னிரண்டு அடி உயரமுள்ள சுவரிலிருந்து குதிப்பதற்கு ஒப்பாகும். ஆகையால் கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் உருண்டு விழக் கற்பிப்பார்கள். குடையை மடித்து வைத்தவர் வேறொருவர். அவர் கையில் ஒரு மடிப்புத் தவறினாலும் குதிப்பவன் உயிர் போகக்கூடும். எனவே இப்படையின் முதற்பாடம், முகம் அறியாத ஒருவரின் கைத்திறனை நம்புதல்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிரீட் தீவின் செய்தி வந்த அதே 1941-ஆம் ஆண்டு அக்டோபரில், 50-ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேடு தில்லியில் அமைக்கப்பட்டது. அதில் பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா என மூன்று பட்டாலியன்கள் இருந்தன. பயிற்சிப் பள்ளி, இன்று சப்தர்ஜங் எனப்படும் அக்காலத்து வில்லிங்டன் விமான நிலையத்தில் தொடங்கப்பெற்றது. 152-ஆவது இந்தியப் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தவர் லெப்டினன்ட் ரங்கராஜ். அவரும் அவில்தார் மேஜர் மதுரா சிங்கும் குதித்ததே இந்தியர்களின் முதற்குதிப்பு. மருத்துவர் பின்னால் வரட்டும் என்று எவரும் சொல்லியிருக்கலாம். அவர் முன்னால் சென்றார்.

இந்தப் பிரிகேடு போரிட்ட முதல் பெருங்களத்துக்கு வான்குடை தேவைப்படவில்லை என்பது விந்தை. 1944 மார்ச்சில் மணிப்பூர் எல்லையில், சங்சாக் என்னும் மலையூரில், தண்ணீரும் முள்வேலியும் இன்றிச் சில நாட்கள் அது தரையிலேயே நின்று போரிட்டுச் சப்பானியரின் முன்னேற்றத்தைத் தாமதப்படுத்தியது. இந்தியப் படையினர் போரில் பெருமளவில் வான்குடையுடன் இறங்கியது 1945 மே 1-ஆம் நாள். ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள யானை முனையில், கூர்க்கா வீரர்கள் இறங்கினர். நாடு பிரிவினையுற்றபோது, பயிற்சிப் பள்ளி இருந்த சக்லாலா பாகிஸ்தானுக்குச் சென்றது. நம் வீரர்களின் பயிற்சி ஆக்ராவில் தொடர்ந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. மருத்துவர் ஏன் குதிக்க வேண்டும்? சாதாரணப் படைக்குப் பின்னால் சாலை உண்டு. அடிபட்டவனைத் தூக்கிச் சென்றால் கட்டுக்கட்டும் இடம், அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ், அதற்கும் பின்னால் மருத்துவமனை என ஒரு தொடர் இருக்கும். வான்குடை வீரனுக்குப் பின்னால் சாலை இல்லை, நாற்புறமும் பகைவரே. தரைப்படை வந்து சேரும்வரை ஒரு நாளோ இரு நாளோ அவன் தனித்தே நிற்கவேண்டும். வயிற்றில் குண்டு பாய்ந்தவனுக்கு அத்தனை நேரம் ஏது? அறுவைக் கத்தி அவனை நாடி வந்தால்தான் அவன் பிழைப்பான். ஆகவே மருத்துவரும், மருந்தும், குருதி நீரும், அறுவைக் கருவிகளும் அவனோடு வானிலிருந்தே இறங்க வேண்டியதாயிற்று. இவ்வாறு பிறந்தவையே பாராசூட் மருத்துவப் பிரிவுகள். 60-ஆவது பாராசூட் பீல்டு ஆம்புலன்ஸ் அவற்றுள் ஒன்று. அதன் தலைவராக உயர்ந்தார் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ்.

1950 ஜூன் 25-ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. ஐக்கிய நாடுகள் சபை உறுப்பு நாடுகளிடம் உதவி கோரியது. அப்போது சுதந்திரம் பெற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த இந்தியா, போரிடும் படையை அனுப்ப மறுத்தது. ஒரு மருத்துவப் பிரிவை அனுப்ப இசைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டது இந்த 60-ஆவது பிரிவு. மருத்துவரும் உதவியாளருமாக 346 பேர் கொண்ட இப்பிரிவு, அவ்வாண்டு நவம்பரில் பூசான் துறைமுகத்தில் கரையேறியது. வெயில் நாட்டிலிருந்து சென்றவர்கள் உறைபனியில் கால் வைத்தனர்.

சென்ற சில நாட்களிலேயே சோதனை வந்தது. அவர்கள் பியாங்யாங் நகரில் இருந்தபோது சீனப் படை பெருவெள்ளமெனப் பாய்ந்தது. எல்லோரும் பின்வாங்கினர். கருவிகளையும் மருந்துகளையும் ஏற்றிச் செல்ல வண்டிகள் இல்லை; அவற்றை விட்டுவிட்டு வெளியேறுமாறு ஆணை வந்தது. ரங்கராஜ் எண்ணிப் பார்த்தார். கையிலிருந்தவை ஆறு மாதத்துக்கு ஆகவேண்டியவை. இழந்தால் மாற்று வாராது. கருவியற்ற மருத்துவமனை அந்நாட்டில் யாருக்குப் பயன்படும்? தேடியபோது ஒரு பழைய நீராவி என்ஜினும் சில பெட்டிகளும் கிடைத்தன. அவருடைய ஆட்களுள் என்ஜின் ஓட்டத் தெரிந்தவர் இருந்தனர். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். பாலங்கள் தகர்க்கப்படுமுன் அந்த இரயில் தெற்கே வந்து சேர்ந்தது. கருவிகள் அனைத்தும் பிழைத்தன. பின்னர் அவற்றால் எத்தனை உயிர்கள் பிழைத்தன என்பதை நோக்கினால், அந்த வாளித் தண்ணீரின் அருமை விளங்கும்.

அதன்பின் பிரிவு இரண்டாயிற்று. ஒரு பகுதி போர்முனையில் காமன்வெல்த் படையோடு நின்றது. மற்றொரு பகுதி தேகு நகரில் கொரிய மருத்துவமனைகளுக்கு உதவி, அந்நாட்டு மக்களைக் கவனித்தது.

இனி நான் சொல்ல வந்த நாள். 1951 மார்ச் 23. அது பெரிய வெள்ளிக்கிழமை. சியோலுக்கு வடக்கே முன்சான் என்னுமிடத்தில், பின்வாங்கும் பகைவரை மறித்து வளைக்க அமெரிக்கத் தலைமை திட்டமிட்டது. 'டோமஹாக்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அமெரிக்கப் பழங்குடியினரின் கைக்கோடரியின் பெயர் அது. குதிக்கவேண்டியது அமெரிக்காவின் 187-ஆவது வான்வழிப் படை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சப்பானில் தங்கியிருந்தபோது, அந்நாட்டவர் வைத்த பெயரால் 'ரக்காசான்' என்று தம்மை அழைத்துக்கொண்ட படை அது. அச்சொல்லுக்கு 'விழுகின்ற குடை' என்பது பொருள். நம் 'வான்குடை' என்னும் சொல்லும் அதுவும் எவ்வளவு ஒத்திருக்கின்றன, பாருங்கள்! சப்பானியரை எதிர்த்துப் போரிட்ட படை, சப்பானிய மொழிப் பெயரையே பெருமையாகச் சூடிக்கொண்டது.

தேகு நிலையத்திலிருந்து விமானங்கள் கிளம்பின. அவற்றுள் பல, பெட்டி வடிவினவாகையால் 'பறக்கும் சரக்கு வண்டி' எனப்பட்டவை. ஏறத்தாழ 3,400 வீரர்கள் அன்று குதித்தனர். அவர்களோடு பன்னிரண்டு இந்தியர்களும் குதித்தனர். கொல்லும் கடமை எதுவும் இல்லாத பன்னிரண்டு பேர். அவர்களை வழிநடத்தியவர் ரங்கராஜ்.

போர்க்கலை நோக்கில் அந்நாள் முழு வெற்றியன்று. ஒரு பட்டாலியன் குறித்த களத்தை விட்டு வேறிடத்தில் இறங்கிவிட்டது. பகைவரில் பெரும்பாலோர் வலை விழுமுன்னரே வடக்கே சென்றுவிட்டனர். ஆயினும் சண்டை நடந்தது. தரையில் மோதிக் காலொடிந்தவரும் குண்டடி பட்டவரும் பலர். இந்திய மருத்துவர்கள் இறங்கிய உடனே சிகிச்சை நிலையத்தை அமைத்து, நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தனர்; திறந்த களத்திலேயே அறுவை செய்தனர். திட்டம் பிடிக்க நினைத்த பகைவரைப் பிடிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேர் காக்க நினைத்தவர்களைக் காத்தனர். அந்நாளின் கணக்கில் ஐயத்துக்கு இடமின்றி வரவு வைக்கத்தக்கது அதுவே என்பது என் கருத்து.

கொரியப் போரில் விரைந்த சிகிச்சையின் பயனை எண்களே கூறுகின்றன. அமெரிக்கப் படையில், மருத்துவமனையை அடைந்த காயமுற்றோருள் இறந்தோர் இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கு நாலரைப் பேர். கொரியாவில் இரண்டரைப் பேர். ஹெலிகாப்டரும், பெனிசிலினும், சேமித்த குருதியும், களத்துக்கு நெருங்கி நின்ற அறுவை மருத்துவமனைகளும் சேர்ந்து செய்த மாற்றம் இது. காயத்துக்கும் கத்திக்கும் இடையே உள்ள நேரம் சுருங்கச் சுருங்க, மரணம் பின்வாங்குகின்றது.

60-ஆவது பிரிவு 1954 வரை கொரியாவில் பணியாற்றியது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனிடம் சிகிச்சை பெற்றனர். ஏறத்தாழ 2,300 அறுவைச் சிகிச்சைகள் நடைபெற்றன. தலையில் அணிந்திருந்த செந்நிறத் தொப்பியைக் கொண்டு அவர்களைச் செம்மைத் தேவதூதர்கள் என்று பிறர் அழைத்தனர். ரங்கராஜுக்கும், தேகுவில் பணியாற்றிய மேஜர் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது. 1955 மார்ச் 10-ஆம் நாள் ஆக்ராவில், குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் இப்பிரிவுக்குச் சிறப்புக் கோப்பை அளித்தார்.

படையிலிருந்து வந்த பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியில் சேர்ந்து ஆப்கானிஸ்தானத்து மலைகளிலும், பின்னர் வங்காள தேசத்திலும் உழைத்தார். ஆப்கானிஸ்தானில் 1972-இலும், வங்காள தேசத்தில் 1975-இலும் அந்நோயின் தொடர் அறுந்தது. 1980 மே மாதத்தில் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது. சாலை செல்லாத இடத்துக்கு மருத்துவன்தான் செல்ல வேண்டும் என்று முன்சானில் கற்ற பாடம், அங்கேயும் பயன்பட்டது. 2009-இல் அவர் காலமானார்.

அமெரிக்க வான்குடை வீரர்கள் தம் மரபைப் போற்றுவதில் நிகரற்றவர்கள். முதன்முதல் குதித்த ஐம்பது பேரின் நாளை, ஆகஸ்டு 16-ஐ, ஆண்டுதோறும் கொண்டாடுகின்றனர். மார்பில் அணியும் வெள்ளிச் சிறகு, காலில் அணியும் நெடுங்காலணி, விமான வாயிலில் எழுப்பும் முழக்கம் இவற்றுக்கெல்லாம் வரலாறு எழுதி வைத்திருக்கின்றனர். அந்த வரலாற்றின் ஓர் ஏட்டில் ஆற்காட்டு மருத்துவர் ஒருவரும் இருக்கின்றார். நம் பிள்ளைகள் அந்த ஏட்டைப் படிக்கவேண்டாவா? பிறர் வீரத்தைத் திரையில் கண்டு வியக்கும் பையனுக்கு, நம் வீரத்தை எடுத்துரைக்க வேண்டியவர்கள் நாமே அல்லவா?

இதையெல்லாம் அந்தச் சிறுவனுக்குச் சொன்னேன். முடிவில் அவன் கேட்டது ஒன்றே: "அவர் கையில துப்பாக்கி இல்லையா, தாத்தா?" அவர் குதித்தது மருந்துப் பைக்காக என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. அப்போது கீழே பூந்தமல்லிச் சாலையில் ஒரு 108 வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது. மதுரவாயல் பக்கம் வாகனங்கள் நெருக்கி நின்றன. ஒரு லாரி ஒதுங்கிற்று. ஒரு பேருந்து ஒதுங்கிற்று. வண்டி வளைந்து நெளிந்து சென்றது. வண்டி கண்ணுக்கு மறையும்வரை பையன் மாடிச் சுவரில் சாய்ந்து அதையே பார்த்திருந்தான்.

முகமறியாத ஒருவனை நோக்கி வானிலிருந்து குதிப்பது எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. அவன் செல்லும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்குவது எல்லோர்க்கும் இயலும்.